மூன்றாவது கொட்டேஷன்

மூன்று கொட்டேஷன்களையும் ஒரே ஆள்தான் கொண்டுவருவார். பல்கலைக்கழக ஆய்வகங்களில் இரண்டு வருடம் புழங்கிய யாருக்கும் இது புதிய செய்தி அல்ல. ஒரு வேக்குவம் பம்ப் வாங்க வேண்டும். பேராசிரியர் வழக்கமான டீலருக்குப் போன் செய்வார். “மூணு கொட்டேஷன் வேணுமே” என்பார். “நானே கொண்டுவந்துடறேன் சார், நீங்க ஏன் அலையணும்” என்று பதில் வரும். மறுநாள் மூன்று லெட்டர்ஹெட்கள் மேஜையில் இருக்கும். ஒன்று அவருடைய கடை. இன்னொன்று மச்சான் பெயரில் பதிவாகியிருக்கும் கடை. மூன்றாவது வேறு ஊர் நண்பருடையது. அந்த நண்பருக்கு இவர் இதே உதவியை இன்னொரு கல்லூரியில் செய்துகொண்டிருப்பார். மூன்றிலும் எழுத்துரு ஒன்று. மூன்றிலும் ‘கேலிபரேஷன்’ என்ற சொல்லில் ஒரே எழுத்து விட்டுப்போயிருக்கும். விலை மட்டும் மாடிப்படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறும். கீழ்ப்படியில் நிற்பது யாருடைய கடை என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் என்ன தப்பு என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்வது அவ்வளவு சுலபமல்ல. கமிஷன் வாங்குகிறவரை விட்டுவிடுவோம். அது திருட்டு, அதற்குக் கட்டுரை வேண்டாம், போலீஸ் போதும். நான் சொல்வது கமிஷன் வாங்காதவரைப் பற்றி. விலை சந்தை விலைதான். பம்ப் நல்ல பம்ப். பழுதானால் டீலர் ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பேனரோடு வந்து நிற்பார். பொதுப்பணத்தில் ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை. ஃபைலில் மூன்று காகிதம் இருப்பதால் விதியும் நிறைவேறிவிட்டது. பணம் நேர்மையாகச் செலவாகியிருக்கிறது, காகிதம் பொய் சொல்கிறது. இப்படி ஒரு காரியத்தை நல்லது என்பதா கெட்டது என்பதா?

இந்தக் கேள்வி என்னிடம் வேலையாக வந்தது. சில வருடங்களுக்கு முன் மத்திய அரசு நிதியில் நடக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதிக்கொடுக்கும் குழுவில் இருந்தேன். எங்களிடம் சொல்லப்பட்ட நோக்கம் ஒரே வரி: கொள்முதலில் விதிப்படி நடப்பது கூட வேண்டும். ஆடிட் அப்ஜெக்‌ஷன்கள் குவிந்துகொண்டிருந்தன. இண்டென்ட் இல்லாமல் ஆர்டர் போவது, பொருள் வந்தபிறகு பர்சேஸ் ஆர்டர் தயாராவது, ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறாமலே பில் பாஸாவது, மார்ச் மாதம் வந்தால் நிதி திரும்பிப் போய்விடும் என்று அவசர அவசரமாகக் கணினிகளாக வாங்கித் தள்ளுவது. எல்லா அரசு அலுவலகத்திலும் உள்ளவைதான்.

பழைய பில்களை எங்கள் டேட்டாபேஸில் ஏற்றியபோது ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தேன். பில் தொகை ஒரு அச்சில், எத்தனை பில் என்பது இன்னொன்றில். ஓரளவு சீராகப் போய்க்கொண்டிருந்த கோடு 25,000 ரூபாய்க்குச் சற்று முன்னால் கோபுரம் போல எழும்பி, அந்தப் பக்கம் பள்ளத்தில் விழுந்தது. 24,800. 24,950. 24,990. கொட்டேஷன் இல்லாமல் வாங்கலாம் என்ற வரம்பு அன்று 25,000. ஒரே பொருளைத் துண்டு துண்டாக வாங்கி வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று தனியாக ஒரு விதி இருக்கிறது. அந்த விதி எதற்காகத் தேவைப்பட்டது என்பதைப் படமாகப் பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகுதான் விதிப்புத்தகத்தை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். அதற்கு முன் எங்கள் குழுவில் யாரும் படித்திருக்கவில்லை. ‘ரெக்வயர்மென்ட்’ என்று ஒரு எக்செல் ஷீட் வந்தது, அதை வைத்தே எல்லாம். பொது நிதி விதிகள் சுதந்திர வருடமான 1947இலிருந்து இருக்கின்றன. 1963, 2005, 2017 என்று திருத்தி எழுதப்பட்டிருக்கின்றன. சுவாரஸ்யமாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். எனக்கு இருந்தது.

2017 பதிப்பின் 154ஆவது விதி சிறிய கொள்முதலைப் பற்றியது. கொட்டேஷன் எதுவும் வேண்டாம். வாங்குகிறவர் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும்: பொருள் தேவையான தரத்தில் இருக்கிறது, நம்பகமான கடையில், நியாயமான விலைக்கு வாங்கப்பட்டது என்பதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் திருப்தி, என்று. ‘தனிப்பட்ட முறையில்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். அரசாங்க மொழியில் அப்படி ஒரு சொல்லை அடிக்கடி பார்க்க முடியாது. அடுத்த விதி 155. அன்றைய கணக்கில் 25,000க்கு மேல், இரண்டரை லட்சம் வரை. இதற்குத்தான் மூன்று கொட்டேஷன் என்று பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த விதியில் மூன்று கொட்டேஷன் என்ற பேச்சே கிடையாது. அதில் இருப்பது மூன்று மனிதர்கள். மூன்று உறுப்பினர் கொண்ட ஒரு கமிட்டி சந்தைக்குப் போய் விசாரிக்க வேண்டும். விலை நியாயமா, தரம் சரியா, யாரிடம் வாங்கலாம் என்று கண்டறிய வேண்டும். பிறகு மூவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் எங்களுக்குத் திருப்தி என்று கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான்.

மூன்று மனிதர்கள் எப்படியோ மூன்று காகிதங்கள் ஆகிவிட்டார்கள். சந்தை விசாரணை லெட்டர்ஹெட் ஆகிவிட்டது. விதி கேட்டது மனசாட்சியை. நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது ஸ்டேப்ளர் அடித்த மூன்று தாள்களை.

ஏன் இப்படி ஆனது என்பதை எனக்கு விளக்கியவர் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் சூப்பரின்டெண்டென்ட். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. விதியை அவரிடம் காட்டி, இதில் கொட்டேஷனே கேட்கவில்லையே சார் என்றேன். சிரித்தார். “தம்பி, மூணு பேப்பர் இருந்தா ஆடிட்காரங்க மூணு நிமிஷத்துல அடுத்த ஃபைலுக்குப் போயிடுவாங்க. நாங்க போய் விசாரிச்சோம், எங்களுக்குத் திருப்தியா இருந்துச்சுன்னு எழுதி வைங்க. எங்க விசாரிச்சீங்க, என்னைக்குப் போனீங்க, திருப்தின்னா எப்படித் திருப்தின்னு மூணு வருஷம் பதில் எழுதிட்டு இருக்கணும். எனக்கு முன்னால இந்த சீட்ல இருந்தவருக்கு பென்ஷன் பேப்பர் எப்ப நகர்ந்துச்சு தெரியுமா?” நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவரை வில்லனாக்கிவிடுவது சுலபம், தமிழ் சினிமா அதை நிறையச் செய்திருக்கிறது. ஆனால் அவர் சொன்னது தர்க்கரீதியாகக் கச்சிதமானது. தீர்ப்பை நிரூபிக்க முடியாது, காகிதத்தை நிரூபிக்கலாம். நான் யோசித்து முடிவெடுத்தேன் என்பதற்கு ரசீது கிடையாது. ரசீது இல்லாத எதையும் நம்பக் கூடாது என்று கட்டப்பட்ட ஓர் அமைப்பில், யோசிப்பது ஆபத்தான செயல். ஓனோரா ஓநீல் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 2002இல் பி.பி.சி.யின் ரீத் உரைகளில் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். கண்காணிப்பு கூடக் கூட நம்பிக்கை கூடுவதில்லை, சந்தேகம்தான் கூடுகிறது; ஆசிரியரும் மருத்துவரும் யாருக்காக வேலை செய்கிறார்களோ அவர்களுக்குப் பதில் சொல்வதை விட்டு, கண்காணிப்பவருக்குப் பதில் சொல்பவர்களாக மாறிப்போகிறார்கள் என்பது அவர் வாதம். சூப்பரின்டெண்டென்ட் சார் அதையே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இந்த இடத்தில் கட்டுரை ஒரு பழக்கமான தடத்தில் போய்விடக்கூடும். விதிகள் முட்டாள்தனமானவை, நல்லவர்களைச் சும்மா விடுங்கள், நம்புங்கள், எல்லாம் நன்றாக நடக்கும் என்று. விஞ்ஞானிகள் இதைப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள், காரணத்தோடுதான். விலை குறைந்த எல்1-க்குத்தான் ஆர்டர் என்று போய், பெயரளவில் அதே கெமிக்கல், ஆனால் வினைபுரியாத ஒரு பாட்டிலை வாங்கி ஆறு மாத வேலையைத் தொலைத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அரசின் இணையச் சந்தையான ஜெம் 2016இல் வந்தபோது அதில் ஆய்வக நுண்கருவிகளைத் தேடி அலுத்தவர்கள் ஏராளம். 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்களுக்கு இந்த வரம்புகள் தளர்த்தப்பட்டன. கொட்டேஷன் இல்லாமல் இரண்டு லட்சம் வரை வாங்கலாம் என்று ஆனது. நல்ல விஷயம். வரைபடத்தின் கோபுரம் இனி இரண்டு லட்சத்துக்குப் பக்கத்தில் எழும்பும் என்று எனக்குள் இருக்கும் எஞ்சினியர் சொல்கிறான், அது வேறு கதை.

ஆனால் ‘நல்லவர்களை நம்புங்கள்’ என்ற வாக்கியம் எனக்கு முழுக்க ஒப்பவில்லை. யார் நல்லவர் என்று யார் சொல்வது என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் பள்ளிக்கூடத்தில் ஜனநாயகப் பெருமையாகப் படித்திருக்கிறோம். பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலம், குடவோலை. அதில் கணக்கு சம்பந்தமாக அபாரமான ஒரு விதி உண்டு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. மச்சான் பெயரில் லெட்டர்ஹெட் வைத்திருப்பவர்களை அன்றே தெரிந்திருக்கிறது போல. ஆனால் அதே கல்வெட்டு நிற்கத் தகுதியுள்ளவர் யார் என்றும் சொல்கிறது. வரி கட்டுகிற கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. ஆக, நம்பத் தகுந்தவர் என்ற வட்டம் போடப்படும்போதே ஊரில் பெரும்பாலானோர் வட்டத்துக்கு வெளியே. ஆளைப் பார்த்து நம்புகிற எந்த ஏற்பாட்டிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. நம்பிக்கை தெரிந்த முகங்களுக்குள்தான் சுற்றும். தெரிந்த முகம் என்றால் நம் ஊரில் என்னென்ன அர்த்தம் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பேராசிரியரின் டீலர் நல்லவர். இருபது வருடப் பழக்கம். அவருடைய கல்யாண பத்திரிகை இவர் மேஜையில், இவர் மகள் கல்யாணத்துக்கு அவர் முன்வரிசையில். அந்தப் பழக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், உலகம் பாதி அதில்தான் ஓடுகிறது. ஆனால் அதே ஊரில் இரண்டு வருடம் முன்னால் பம்ப் சர்வீஸ் கடை போட்ட ஒரு பையன் இருப்பான். டிப்ளமோ படித்தவன், கடன் வாங்கிக் கடை போட்டவன், பல்கலைக்கழக கேட்டுக்குள் யாரையும் தெரியாதவன். மூன்றாவது கொட்டேஷன் அவனுடையது. அது அவனுக்காக ஒதுக்கப்பட்ட நாற்காலி. அந்த நாற்காலியில் மச்சானின் லெட்டர்ஹெட் உட்கார்ந்திருக்கிறது.

என்ன தப்பு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். பொதுப்பணம் வீணாகவில்லை, சரி. ஏமாற்றப்பட்டது பணம் அல்ல, கேட்கப்படாதவன். அவனுக்குத் தான் கேட்கப்படவில்லை என்பதுகூடத் தெரியாது. ஃபைலைத் திறந்து பார்த்தால் மூன்று கடைகள் போட்டியிட்டதாக இருக்கும். கேட்கவே இல்லை என்று ஃபைல் சொல்லியிருந்தால் ஒருநாள் யாராவது ஏன் கேட்கவில்லை என்று கேட்கலாம். கேட்டதாகச் சொல்லிவிட்டால் அந்தக் கதவு வெளியே பூட்டப்பட்டதுபோலவும் தெரியாது.

கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் எல்லோருக்கும் சொல்லும் விலையைத்தான் சொல்வார். ஆனால் நேர்மை மேல் உள்ள பிடிப்பால் அல்ல, வியாபாரம் கெட்டுவிடுமே என்பதால். வெளியே சரி, உள்ளே ஒன்றுமில்லை. இதற்கு அறமதிப்பு உண்டா என்பது அவர் கேள்வி. நம் பேராசிரியர் இதற்கு நேர் எதிர். உள்ளே நேர்மை இருக்கிறது, வெளியேதான் பொய். கான்ட் இவரையும் விடமாட்டார், பொய் விஷயத்தில் அவர் எவ்வளவு கறார் என்று தெரியும். எனக்கு அந்த அளவு கறார் இல்லை. இந்தப் பொய்யில் என்னை உறுத்துவது பேராசிரியரின் ஆன்மா அல்ல. அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவர்.

கொட்டேஷன் சேகரிப்பது எந்தப் பேராசிரியரும் நேரடியாகச் செய்கிற வேலை அல்ல. அது ஸ்காலர் தலையில் விழும். மென்பொருளைச் சோதித்துப் பார்க்க எங்களுக்கு உதவியவர்களில் நான்காம் வருட பி.எச்டி. மாணவி ஒருவர் இருந்தார். மூன்று கோப்புகளைப் பதிவேற்றினால்தான் அடுத்த திரை திறக்கும் என்று நாங்கள் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினார். டீலர்களின் லெட்டர்ஹெட்கள், காலியாக, தேதி மட்டும் போட்டால் போதும் என்ற நிலையில். அவருக்கு முன்னால் இருந்த சீனியர் பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனதாம். “என் பி.எச்டி.ல நான் போட்ட முதல் ஃபேப்ரிகேட்டட் டேட்டா இதுதாண்ணா” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆய்வு அறம் என்று ஒரு பாடம் அவர்களுக்குக் கட்டாயம். அதில் தேர்ச்சி பெற்ற சான்றிதழும் அதே லேப்டாப்பில் வேறொரு ஃபோல்டரில் இருந்திருக்கும்.

ஒரு நிறுவனத்தில் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் முதல் பொய் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும். யாருக்கும் கெடுதல் இல்லாத, நல்ல காரியத்துக்கான, எல்லோரும் செய்கிற பொய். பெரிய ஊழலைச் செய்யச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் மறுத்துவிடுவார்கள். இதை மறுத்தால் பைத்தியக்காரர் என்பார்கள். ஊழல் ஒழிப்பு பற்றி கே. சந்தானம் தலைமையிலான குழு 1964இல் அறிக்கை கொடுத்து, அதன் வழியாக மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. அறுபது வருடம் ஆகிறது. அதன்பிறகு நாம் சேர்த்த ஒவ்வொரு படிவமும் திருடனைப் பிடிக்கச் சேர்த்தது. திருடனுக்குப் படிவம் பிரச்சினையே அல்ல. அவனுடைய ஃபைல்தான் எல்லாவற்றிலும் சுத்தமாக இருக்கும். நேர்மையானவருக்குத்தான் படிவத்தில் எழுத இடம் கிடைக்காது.

மென்பொருளுக்கு வருகிறேன். மூன்று கோப்பு கட்டாயம் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்த சில வாரங்களிலேயே டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. எல்லா ஃபைலிலும் மூன்று கொட்டேஷன். பல்கலைக்கழகத்துக்கு மகிழ்ச்சி, எங்கள் மேனேஜருக்கு அதைவிட. கோபுரம் மட்டும் அப்படியே இருந்தது, காலியான லெட்டர்ஹெட்களின் ஃபோல்டரும் எங்கோ அப்படியே இருந்திருக்கும்.

நான் கேட்டது சின்ன விஷயம். மூன்றுக்குக் கீழே பதிவேற்றினாலும் அடுத்த திரை திறக்கட்டும். ஆனால் ஒரு பெட்டி வரட்டும், எத்தனை கடையில் கேட்டீர்கள், ஏன் இத்தனைதான் என்று. தேர்வுசெய்ய ரெடிமேட் காரணங்கள் வேண்டாம், கையால் டைப் செய்யட்டும். விதி அனுமதிக்கிறதே, கமிட்டியின் விசாரணையைத்தானே அது கேட்கிறது என்று 155ஐக் காட்டினேன். ‘எக்ஸெப்ஷன்’ வழி ஒன்றைத் திறந்துவிட்டால் எல்லோரும் அதிலேயே போவார்கள் என்றார்கள். மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் ஒப்புக்கொள்ள வைத்தது நிதி அலுவலர். அவர் சொன்ன காரணம் தத்துவம் எதுவும் இல்லை: “போலி கொட்டேஷன்னு ஒருநாள் கண்டுபிடிச்சா அது கிரிமினல் கேஸ். ஒரே கடையில வாங்கினோம்னு எழுதியிருந்தா அது வெறும் அப்ஜெக்‌ஷன்.”

எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. கொஞ்சம் பேர்தான் போனார்கள். பெரும்பாலானோர் பழைய மாதிரியே மூன்று கோப்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதுதான் பத்திரம். பெட்டியில் வந்தவற்றில் பாதி ‘அவசரத் தேவை’, ‘அவசரம்’, ‘மிக அவசரம்’. ஒன்றில் வெறும் புள்ளி. ஆனால் நடுநடுவே வேறு மாதிரி சிலதும் வந்தன. நம் ஊரில் இதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு பேராசிரியர் எழுதியது எனக்கு மனப்பாடம்: வேறு கடைகளில் கேட்கவில்லை. இவரை இருபது வருடமாகத் தெரியும். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார்.

அரசுக் கோப்பில் இப்படி மூன்று வாக்கியங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விதிப்படி பார்த்தால் அது மோசமான பதில். விசாரிக்கவே இல்லை என்ற ஒப்புதல். ஆனால் உண்மை. மீதி எல்லாப் பச்சை ஃபைல்களும் நிறைவேற்றியதாகச் சொன்ன கடமையை இந்த ஒரு சிவப்பு ஃபைல்தான், செய்யவில்லை என்று சொல்வதன் மூலம், ஒரு கடமையாகவே மதித்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. இப்படிச் சொன்னபோது என் டீமில் இருந்த நண்பன், “ஓவரா கவிதையா யோசிக்காத மச்சி, பில் பாஸ் ஆகாது” என்றான்.

பில் பாஸ் ஆனது. ஆனால் அந்த வருட ஆடிட்டில் அந்த ஃபைலுக்கு அப்ஜெக்‌ஷன் வந்தது. அதற்குத்தான் வந்தது. போலி லெட்டர்ஹெட் ஃபைல்கள் ஒன்றுக்கும் வரவில்லை. “சொன்னேன்ல தம்பி” என்றார் சூப்பரின்டெண்டென்ட் சார். குரலில் வெற்றியெல்லாம் இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். பேராசிரியர் எழுதிய பதிலைப் பிறகு எனக்குக் காட்டினார். ஒரு பக்கம்கூட இல்லை. எழுதியது உண்மைதான், விசாரித்திருக்க வேண்டும், அடுத்த முறை விசாரிக்கிறேன் என்று இருந்தது. ஆடிட் அதை ஏற்றுக்கொண்டதா என்றால், நான் அந்த புராஜெக்ட்டை விட்டு வரும்வரை ‘நிலுவை’ என்றுதான் திரையில் இருந்தது.

அடுத்த முறை அவர்களுக்கு ஒரு சென்ட்ரிஃப்யூஜுக்கு ரோட்டர் வேண்டியிருந்தது. லெட்டர்ஹெட் ஃபோல்டர் வைத்திருந்த அந்த மாணவியின் ஆய்வகம் அதே தளத்தில்தான். அவரும் இன்னொருவரும் ஸ்கூட்டரில் போய் ஊரில் விசாரித்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. கடைக்காரர் கொட்டேஷன் எழுதிக்கொடுக்க ஒரு நாள் டைம் கேட்டாராம், லெட்டர்ஹெட் அச்சடித்திருக்கவில்லை. பில் புத்தகத் தாளில் சீல் வைத்துக் கையால் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள், தாள் கொஞ்சம் கோணலாக. அவர் விலை அறுநூறு ரூபாய் கூடுதல். ஆர்டர் பழைய டீலருக்கே போனது.